என்ஜின் விளக்கு எரிந்த வாரம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் இன்ஜெக்‌ஷன் என்ஜின் வைத்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று என்னுடையது. அதற்கு முன்பு லாரி ஓட்டினேன். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது கிடப்பேன். கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் நடக்கத் தொடங்கியதையே நான் பார்க்கவில்லை. போதும்டா சாமி என்று லாரியை விட்டுவிட்டு, புதுக் கார் வாங்கி, தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு ஓட்டினேன். வெளியூர் இன்ஜினியர்களை பெங்களூர் விமான நிலையத்திலிருந்து கூட்டிவருவதும் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. எவ்வளவு அலைந்தாலும் ராத்திரி சாப்பாடு வீட்டில். இந்த வேலை போனால் மறுபடியும் லாரிதான் என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

ஆயுத பூஜை எங்கள் வீடுகளில் கிடையாது. ஆனால் தொழிற்சாலைக்குள் வந்துவிட்டால் எல்லோருக்கும் உண்டு. பொரி, சுண்டல், வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய் என்று அன்றைக்கு அந்த இடமே வேறு மாதிரி இருக்கும். வண்டிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தச் சொன்னார் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ். எங்கள் ஓட்டத்தை எல்லாம் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். பானெட்டைத் திறந்து என்ஜினையும் கழுவச் சொன்னார். லோடு ஆட்கள் டீசல் அடித்து, பைப்பில் தண்ணீர் பீய்ச்சி, துணியால் துடைத்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். என் என்ஜின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நானும் பொரியை மென்றுகொண்டு சந்தோஷமாகத்தான் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு வந்தது. சின்ன என்ஜின் படம் போட்ட விளக்கு. வந்தது வந்ததுதான், போகவில்லை. வண்டி இழுக்க மறுத்தது, கரும்புகை விட்டது, பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது.

நான் வழக்கமாகப் போகும் மேஸ்திரி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். கார்புரேட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற மனிதர். இதில் கார்புரேட்டரே இல்லை, பெட்ரோல் அளவை ஒரு கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்ளும்.

"பெட்ரோல்ல கலப்படம் பாய். டேங்கைக் காலி பண்ணிட்டு வேற போடுங்க" என்றார்.

போட்டேன். விளக்கு எரிந்தது. பிளக்கை மாற்றினார். எரிந்தது. பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் தெலுங்குக்காரர். அவர் வந்து பேட்டரி வயரைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டினார். விளக்கு அணைந்தது. எனக்கு உயிர் வந்தது. அன்று கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி விருந்தாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். சானமாவு காட்டை நெருங்கும்போது விளக்கு மறுபடி எரிந்தது, வண்டி திக்கித் திணறி நின்றேவிட்டது. யானை நடமாடுகிற இடம். விருந்தாளி கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை முறைத்தார். நான் அந்த விளக்கை முறைத்தேன். கையில் கல் இருந்திருந்தால் அதை உடைத்திருப்பேன்.

எலக்ட்ரீஷியனிடம் சொன்னதற்கு, "அப்போ அந்த பல்பையே புடுங்கிடலாம் பாய், எரியவே எரியாது" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.

விருந்தாளி இன்சார்ஜிடம் போட்டுக் கொடுத்திருந்தார்.

"சனிக்கெழம வரைக்கும் டைம் தரேன் பாய். அதுக்குள்ள அந்த லைட்டு அணையணும். இல்லன்னா நான் வேற வண்டி பார்க்கற மாதிரி ஆயிடும்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை பெங்களூருக்குப் போனேன். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் மலைப்பாம்பாகக் கிடந்தன. வண்டி நின்று நின்று அணைந்தது. பின்னால் இருந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். ஒவ்வொருவனிடமும் இறங்கிப் போய்ச் சண்டை போடவேண்டும் போலிருந்தது.

பெங்களூர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெக்கானிக் சின்னப் பெட்டி ஒன்றை வயரால் வண்டியோடு இணைத்தார். அதில் ஏதோ எண் வந்தது. நேராகப் போய் என்ஜின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு இருந்த ஒன்றைத் தொட்டார். தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார். அதன் பிளக்கைக் கழற்றி உள்ளே பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். காய்ந்த சந்தனம், அதற்கடியில் பச்சையாகக் களிம்பு.

"பூஜெ ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். பிறகு தமிழில் விளக்கினார். "யாரோ இதைக் கழட்டித் தொடச்சு, சந்தனக் கையோட மாட்டியிருக்காங்க. தண்ணியும் உள்ள போயிருக்கு. என்ஜின் எவ்வளவு சூடானாலும் இது ஜில்லுன்னு இருக்குன்னே சொல்லுது. கம்ப்யூட்டரும் அதை நம்பி பெட்ரோலை அதிகமா ஊத்துது."

புது சென்சார் போட்டு, பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டினார். விளக்கு அணைந்தது. ஓசூர் வரைக்கும் வண்டி வெண்ணெயாக ஓடியது. வழியெல்லாம் இன்சார்ஜிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். தப்பு என் மேலும் இல்லை, வண்டி மேலும் இல்லை என்று தெரிந்தால் அவர் என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை காலை அவரைக் கையோடு அழைத்துவந்து வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினேன். விளக்கு இல்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். கழுவியது, கழற்றியது, சந்தனம். யார் கழுவச் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியும்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கழுவுனதுக்கே கெட்டுப்போற வண்டியா பாய் இது?" என்றார். "வருசா வருசம் பூஜை போடாம இருக்க முடியுமா? இந்த கம்ப்யூட்டர் வண்டியெல்லாம் நம்ம கம்பெனிக்கு ஒத்து வராது."

ஷெட்டில் ஒரு பழைய கார் நின்றது. என் ஓட்டத்துக்கு அதை நேற்றே பேசி முடித்துவிட்டாராம். அதில் விளக்கும் கிடையாது, சென்சாரும் கிடையாது, எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று எனக்கே விளக்கம் வேறு சொன்னார். அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, அதை நானே அவர் கையில் கொடுத்து, அதாலேயே அடி வாங்கினேன்.

வாடகைக்கு ஓட்டிப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. காரை விற்றுவிட்டுப் பழைய லாரி முதலாளியிடமே போய் நின்றேன். கிளம்பும் காலையில் மகள் வாசலுக்கு வந்து, "ராத்திரி சாப்புட வந்துருவியா அத்தா?" என்று கேட்டாள். அவள் அம்மா முந்திக்கொண்டு, "வந்துருவாரு, நீ உள்ள போ" என்றாள். லாரியில் நாக்பூருக்குச் சரக்கு ஏற்றியிருந்தது.