சேர்வதற்கு முன் இருபது நாள்

கூடப் படித்தவர்கள் அவளை ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று தைக்கும், தையல் போட்டால் தழும்பு தெரியாது என்று பேர் வாங்கியவள். டாக்டர் படிப்பு முடிந்து, அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஐந்து வருடம், வாரத்துக்கு எண்பது மணி நேர வேலை. சேர இன்னும் இருபது நாள் இருந்தது.

“இப்பப் போகலன்னா எப்பப் போவே? கல்யாணத்துக்கே உனக்கு லீவு கிடைக்காது” என்று விடாப்பிடியாக நின்றாள் தங்கை. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அவளுக்கு அது விடுமுறைக் காலம். கடற்கரை ஊர் ஒன்றில் பத்து நாளுக்கு மாடி அறை எடுத்தார்கள்.

தங்கைக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கடைசிப் பரீட்சையிலிருந்தே ஊசியின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. சும்மா பார்த்தால் தெரியாது. தாளை நீட்டிப் பிடித்தால் ஓரம் படபடக்கும். யாரிடமும் மூச்சு விடவில்லை. தங்கை குளிக்கப் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தலையணை உறையில் தையல் போட்டுப் பார்ப்பாள். கோணலாக வரும். பிரித்துவிட்டு மறுபடி போடுவாள்.

மூன்றாம் நாள் காலை, டீ கோப்பை தட்டில் மோதிக் கடகடத்தது.

“அக்கா, கையக் காட்டு.”

“ஒண்ணுமில்லடி. தூக்கம் சரியில்ல.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“டாக்டரப் பாத்தியா?”

“நானே டாக்டர்தானே.”

“அந்த லட்சணம்தான் தெரியுதே. கிளம்பு.”

உள்ளூர் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். காப்பியை நிறுத்தி, நன்றாகத் தூங்கச் சொன்னார்.

மறுநாள், அவள் சேரவிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன். தலைமை மருத்துவரின் உதவியாளர் பேசினார். “ஒருத்தர் விலகிட்டார். நீங்க திங்கட்கிழமையே வந்துட்டா நல்லது. பெரிய டாக்டர் ஞாபகம் வச்சுப்பார்.”

வந்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்வார், வராவிட்டாலும் வைத்துக்கொள்வார் என்பது ஊசிக்குப் புரிந்தது. பெட்டியை எடுத்தாள். தங்கை பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் ஊசியே போன் செய்தாள். “கடற்கரை ஊருக்கு வந்திருக்கேன் சார். சொன்ன தேதியில வர்றேன்.”

“உங்க இஷ்டம்.” அதோடு உதவியாளர் போனை வைத்துவிட்டார்.

மீதி நாட்களில் போன் சிணுங்கினாலே ஓடிப்போய் ஆஸ்பத்திரி எண்ணா என்று பார்த்தாள். ரத்தத்தில் கோளாறு இல்லை என்று முடிவு வந்தது. அது இன்னும் கலக்கியது. கோளாறு இருந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும். ஏழாம் நாள் காலை பத்து மணி வரை தூங்கிவிட்டு, திடுக்கிட்டு எழுந்தாள். நடுக்கம் குறைந்திருந்தது. நிற்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று, ஆபரேஷன் அறை வாசலில் கை கழுவிக்கொண்டே பெரிய டாக்டர் கேட்டார்: “நீங்கதானே கடல் பாக்கப் போனவங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ஆமா சார். கை நடுங்கிச்சு. இன்னும் முழுசா நிக்கல.”

சிரிப்பு அடங்கியது. பெரிய டாக்டர் அவள் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். “ஒரு மாசத்துக்குக் கத்தி கிடையாது. வார்டு மட்டும் பாருங்க.”

அந்த ஒரு மாதம் மூன்றானது. கூடச் சேர்ந்தவர்கள் ஆபரேஷன் கதைகளோடு சாப்பிட வருவார்கள். இவள் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். “நான் சொல்லியிருக்கக் கூடாதோ?” என்று தங்கையிடம் போனில் கேட்டாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டாள் தங்கை.

நான்காம் மாதம், ஒரு பஸ் டிரைவரின் முதுகிலிருந்த கொழுப்புக்கட்டியை எடுக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்குப் பதினைந்து நிமிட வேலை. அவளுக்கு நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் ஆபரேஷன் பட்டியலிலும் அவள் பெயர் இருந்தது.

அந்தப் பத்து நாளை ஊசி இன்றும் நல்ல நாட்கள் என்று சொல்வதில்லை. ஒரே ஒருமுறை தங்கையிடம் சொன்னாள்: “போகாம இருந்திருந்தா, கைய மறைச்சுக்கிட்டே யாரோட வயித்தையாவது திறந்திருப்பேன்டி.”