ஊத்துக்குழியில் அம்மன் அவிழ்த்த வாய்க்கட்டு

ஊத்துக்கரை அம்மனை நம்புகிற எல்லோருக்கும் கும்பிடு. நான் செல்லமுத்து. கூட்டத்தில் எழுந்து நின்று பேசத் தெரியாதவன். ஐந்தாவது வரைதான் படித்தேன். நடந்ததைக் கோயிலில் சொல்லச் சொல்லிப் பல பேர் கேட்டார்கள். எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

போன சித்திரையில் ஒரு காலை நேரம். எங்கள் ஊர் ஊத்துக்குழியின் அடியில் மண்டி போட்டபடி மாட்டிக்கொண்டேன். இடது கால்மேல் பெரிய கல். கல்லுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. என் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. மேலே ஊரே நின்றது. ஆனால் ஒருவருக்கும் தெரியாது. இதுதான் எனக்கு வந்த கஷ்டம். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் தேவனூர் நாட்டில், மலைமேல் ஒரு சின்ன ஊர். கொல்லிமலையில் தண்ணீருக்குக் குறையில்லை என்று கீழ்நாட்டுக்காரர்கள் நினைப்பார்கள். அருவியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் பக்கம் போர் போட்டுப் பார்த்தும் கோடையில் காற்றுதான் வந்தது. பெண்கள் பள்ளத்தில் இறங்கி, அடுத்த ஊர் ஓடையில் மொண்டு, சுமந்து ஏறினார்கள். என் மனைவி பாவாயிக்கு முழங்கால் வீங்கிப்போனது.

அம்மன் கோயிலுக்குக் கீழே பழைய ஊத்து ஒன்று மண் மூடிக் கிடந்தது. அதைத் திரும்பத் தோண்டலாம் என்று ஊரில் பேசி முடித்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள், கூலி கிடையாது. வேலைக்கு வர முடியாதவர்கள் சாமையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பலாப்பழம் வந்துகொண்டே இருந்தது. கல் உடைக்கத் தெரிந்தவர்கள் கல் உடைத்தார்கள். நான் மண் சுமந்தேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பேச வேண்டியதில்லை.

என் சுபாவம் அப்படி. யார் வீட்டில் கூரை போட்டாலும், யார் செத்தாலும் நான் போய்விடுவேன். வேலை முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிவிடுவேன். சாப்பிட உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம். என் வேலைக்கு நான் யாரையும் கூப்பிட்டதில்லை. எங்கள் மிளகை நானும் பாவாயியும்தான் பறிப்போம். பாதி கொடியிலேயே உதிர்ந்துபோகும்.

“ஊருக்கெல்லாம் ஓடறீங்க. நம்ம கொடிக்கு ஒருத்தர வான்னு கூப்புட்டா வாயில இருக்கற முத்து கொட்டிருமாங்?” என்பாள்.

நான் கூடையை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போய்விடுவேன்.

தோண்டிக்கொண்டு போனோம். இரண்டு ஆள் ஆழத்தில் ஈரம் தட்டியது. பிறகு கையளவு தண்ணீர் கசிந்தது. ஊரே குலவை போட்டது. பூசாரி ஐயா முதல் தண்ணீர் எடுக்க நாள் குறித்தார்.

முதல் தண்ணீர் எடுக்க எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஒருவர் விரதம் இருந்து, வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு, மண்கலயத்தோடு தனியாக இறங்க வேண்டும். மொண்ட தண்ணீரை அம்மன் தலையில் ஊற்றும் வரை வாய்க்கட்டை அவிழ்க்கக் கூடாது. அதுவரை குழியை யாரும் எட்டிப் பார்க்கவும் கூடாது. மேளம் மட்டும் அடிக்கும். இடையில் இறங்கியவர் வாயிலிருந்து சத்தம் வந்தால் அம்மன் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்பார்கள். முன்னே ஒருவர் தும்மியதற்கே ஊத்து திசை மாறிப் போனது என்று கதை இருக்கிறது.

யார் இறங்குவது என்று பேச்சு வந்தது. பாவாயியின் அண்ணன் பெரியசாமி, எனக்கு மச்சான். ஊரில் பெரிய வாய்க்காரர். அவர்தான் ஆரம்பித்தார்.

“எம் மாப்ள எறங்கட்டும். அவனுக்குத் துணி கூட வேண்டாம். பொறந்ததுல இருந்து கட்டித்தான் கெடக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி ஐயாவும் சிரித்தார். “ஆமா கண்ணு, நீதான் சரி” என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஆசை. அத்தனை கண்களும் என்மேல் இருந்தன. தலையை ஆட்டிவிட்டேன்.

முந்தின நாள் கோடை மழை கொட்டியது. மறுநாள் விடிந்தபோது பனிமூட்டம். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. பெண்கள் வீட்டுக்கு வீடு குடம் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். பூசாரி ஐயா என் வாயைக் கட்டினார். மேளம் எழுந்தது. மூங்கில் ஏணியில் இறங்கினேன்.

அடியில் இடது காலை மடக்கி மண்டியிட்டுக் கலயத்தைச் சாய்த்தேன். மேட்டுப் பக்கத்து மண் மழையில் ஊறியிருந்திருக்கிறது. எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. மேளம்தான் கேட்டது. அடுத்த நிமிடம் கல் என் கால்மேல் இருந்தது. ஏணி முறிந்து கிடந்தது. கலயம் ஓடாகிவிட்டது.

வலி முதலில் தெரியவில்லை. காலை இழுத்தேன். வரவில்லை. கல்லைத் தள்ளினேன். அசையவில்லை. அப்போதுதான் கல் இருந்த இடத்திலிருந்து செந்தண்ணீர் புரண்டு வந்தது. கசிவு இல்லை. ஊத்து திறந்துவிட்டது. இவ்வளவு நாள் அந்தக் கல்தான் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லவில்லை. முதலில் சந்தோஷம்தான் வந்தது. பாவாயி இனி பள்ளத்தில் இறங்க வேண்டாம் என்று நினைத்தேன்.

தண்ணீர் தொடைக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது. நின்றால் அது ஒன்றும் ஆழமில்லை. என்னால் எழ முடியாது. மண்டி போட்டவனுக்கு இடுப்புத் தண்ணீரும் கிணறுதான்.

என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. துணியை இழுத்துவிட்டு ஒரு சத்தம் போடலாம். கை காதுவரை போகும். திரும்ப வந்துவிடும். நான் வாய் திறந்தால் தண்ணீர் போய்விடும். ஊர் முழுக்கச் சுமந்த மண்ணும், உடைத்த கல்லும், கொடுத்த சாமையும் வீணாகும். நாளைக்கு ஒரு பெண் பள்ளத்தில் குடத்தோடு இறங்கும்போது, செல்லமுத்து வாய் திறந்ததால்தானே என்று நினைப்பாள். திறக்காவிட்டால் நான் போய்விடுவேன். என் ஒருவன் உயிரா, ஊர்த் தண்ணீரா? வெளியே பார்த்தால் வெள்ளைப் பனி. உள்ளே சிவப்புத் தண்ணீர். எந்தப் பக்கமும் வழி இல்லை.

இன்னொன்றும் இருந்தது. முறையே இல்லாமல் இருந்தாலும் நான் கூப்பிட்டிருப்பேனா என்று தெரியவில்லை. ஒருவரை உதவிக்குக் கூப்பிட எனக்கு எப்போதுமே வாய் வந்ததில்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. குளிரில் பல் அடித்தது. துணிக்குள்ளே அழுதேன். வாய்க்குள்ளேயே அம்மனிடம் பேசினேன்.

“ஆத்தா, ஊரு தண்ணி கேட்டுச்சு. குடுத்துட்ட. எனக்குக் கேக்கத் தெரியாது. அவுக்கறதா, வேண்டாமான்னு நீயே சொல்லிரு. நீ சும்மா இருந்தா நானும் சும்மா இருந்துக்கறேன்.”

தண்ணீர் தாடையைத் தொட்டது. துணி நனைந்து மூக்கோடு ஒட்டியது.

மேளம் நின்றது.

பனியில் மேளத் தோல் தொய்ந்துவிட்டதாம். தீயில் காய்ச்ச எடுத்துப் போனார்கள் என்று பிறகு சொன்னார்கள். பனி தினமும்தான் இறங்குகிறது. தோல் தினமும்தான் தொய்கிறது. அந்த நேரத்தில் தொய்ய வைத்தது யார்? எனக்குத் தெரியும்.

அந்த அமைதியில் மேலே பாவாயி குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏனுங் பூசாரி ஐயா, எறங்கி ரொம்ப நேரமாச்சுங். ஒரு சத்தத்தையும் காணமே.”

“வாயக் கட்டியிருக்குது சாமி. சத்தம் எப்புடி வரும்?” என்றார் அவர்.

பிறகு மச்சான் குரல். “அடப் போ புள்ள. கட்டாட்டி மட்டும் உம் புருசன் கூப்புட்டுருவானா? அவன் சாவறதுன்னாலும் சொல்லாமத்தான் சாவான்.”

யாரோ சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை. “ஆமாண்ணா” என்றாள். அவள் குரல் உடைந்து கேட்டது.

மச்சான் கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு அது அம்மன் வாக்காகக் கேட்டது. என் கை தானாகப் போனது. துணியைக் கழுத்துக்கு இழுத்தேன்.

“மச்சான்! என்னத் தூக்குங்க மச்சான்! செத்துப்போயிருவேன்!”

என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

குழியைச் சுற்றிப் பனிக்குள்ளிருந்து முகங்கள் வந்தன. பார்க்கக் கூடாது என்ற முறை எங்கே போனதோ தெரியாது. மச்சான் கட்டிய வேட்டியோடு குதித்தார். என் தலையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார். “கடப்பாரை! கடப்பாரை போடுங்கடா!” என்று கத்தினார். இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். கல்லுக்கு அடியில் கடப்பாரை நுழைய இடம் தெரியவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. என் வாய்க்குள் மண் தண்ணீர் போனது.

அப்போது பாவாயி தன் குடத்தை உள்ளே நீட்டினாள். “எறைச்சு ஊத்துங்க!” என்றாள்.

அடுத்தடுத்துக் குடங்கள் வந்தன. பூஜை முடிந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக வைத்திருந்த குடங்கள். கைக்குக் கை மாறி இறங்கின. நிறைந்து ஏறின. மேலே ஒவ்வொரு பெண்ணும் அதைப் பள்ளத்தில் கொட்டினாள். ஒரு குடத்துக்காக மலை இறங்கி ஏறிய பெண்கள். அந்தத் தண்ணீரை எனக்காகத் தரையில் கொட்டினார்கள். ஒருத்தி கூட நிறுத்தி யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் நிறைகிறது.

தண்ணீர் இறங்கியது. கல் தெரிந்தது. கடப்பாரை நுழைந்தது. என்னைத் தூக்கிவிட்டார்கள்.

மேலே கிடத்தியதும் நான் பூசாரி ஐயா காலைப் பிடித்தேன். “மொதல் தண்ணியக் கெடுத்துப்போட்டனுங். கலயமும் ஒடஞ்சுபோச்சுங்” என்று அழுதேன்.

அவர் குனிந்தார். என் கழுத்திலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே எடுத்துப்போய் அம்மன் தலைக்கு மேலே பிடித்துப் பிழிந்தார். செந்தண்ணீர் அம்மன் முகத்தில் வழிந்தது.

“இதான் மொதல் தண்ணி. அவ சொல்லாம மேளம் ஏன் நிக்கோணும்?” என்றார்.

பெண்கள் குலவை போட்டார்கள். அதைக் கேட்டபடி மயங்கிப்போனேன்.

என்னை ஜீப்பில் போட்டு இறக்கினார்கள். வளைவுக்கு வளைவு மச்சான் என் காலைத் தன் மடியில் தாங்கியிருந்தார். மலையடியில், காரவள்ளியில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கால் தப்பியது. உள்ளே கம்பி வைத்தார்கள்.

ஊத்தும் தப்பியது. நான் வாய் திறந்தும் தண்ணீர் போகவில்லை. இன்றைக்கும் வழிகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு குழிக்குள் விழுந்தேன். கட்டில்தான் அந்தக் குழி. நான் படுத்துக் கிடந்தேன், ஊர் என் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒருவர் ஏர் ஓட்டினார். ஒருவர் சாமை விதைத்தார். ஒரு வீட்டிலிருந்து களி, ஒரு வீட்டிலிருந்து குழம்பு. எனக்குக் கூசியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒருநாள் பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். “நீங்க செஞ்சப்ப அவியளும் இப்புடித்தான கூசியிருப்பாங்க? சாப்புட உக்காராமப் போயிட்டீங்கன்னா அவியளுக்கு எப்புடி இருந்திருக்கும்?” நான் அதை யோசித்ததே இல்லை. அன்றைக்கு அந்தக் குழம்பை இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தையில் மிளகு பழுத்தது. தடி ஊன்றிக்கொண்டு நானே மச்சான் வீட்டு வாசலுக்குப் போனேன். நெடுநேரம் நின்றேன். பிறகு, “மச்சான், மொளகு பறிக்க ஆளு வேணும். வாரீங்களா?” என்றேன். அவர் வாயடைத்துப் போனார். நான் பார்த்து அவர் வாய் அடைத்தது அந்த ஒரு முறைதான். வீட்டுக்குள் போய் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வருடம் எங்கள் கொடியில் ஒரு மணி கூட வீணாகவில்லை. பறித்தவர்களோடு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போதும் ஊர் வேலைக்கு முதல் ஆளாகப் போகிறேன். மண் சுமக்க முடியாது. உட்கார்ந்து கல் அடுக்குகிறேன். கீழே யார் இறங்கினாலும் மேலே ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பூசாரி ஐயா முறையை மாற்றிவிட்டார். இந்தச் சித்திரையில் ஊத்துக்குப் பூஜை வந்தது. யாருக்கு வாய் கட்டுவது என்று கேட்டார்கள். மச்சான் முந்திக்கொண்டார். “மாப்ளைக்கு மட்டும் கட்டாதீங்க. இந்த மலையிலேயே பெரிய வாய் அவனுதுதான்.”

நானும் சிரித்தேன்.

இதை வாசிக்கக் கேட்கிறவர்களில் என்னைப் போல ஒருவர் இருக்கலாம். எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்துவிட்டு, தன் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் துணிக்குள் வைத்து அழுகிறவர். அவரிடம்தான் சொல்கிறேன். அம்மனை நம்புங்கள். அவளைக் கேளுங்கள். அவள் மேளத்தை நிறுத்துவாள். அந்த நேரத்தில் துணியை இழுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். குடங்கள் வரும்.