உள்ளூர்ப் பையன்களுக்கு டிராஃப்ட் இல்லை

என் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம்தான் எனக்குப் பேஸ்பால் பைத்தியம் முற்றியிருந்தது. இரண்டும் ஒரே வீட்டுக்குள் ஒரே சமயத்தில் நடந்ததால், எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று இன்றைக்கும் என்னால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கனடாவில், மொன்றியலின் வடக்கே அஹுன்ட்சிக்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா அணைகளுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, புள்ளியியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ‘படித்துக்கொண்டே இருந்தார்’ என்பது அப்பாவின் திருத்தம். எனக்குப் பத்து வயது. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், மூன்றிலும் வாய் ஓயாது.

எங்கள் ஊருக்கென்று ஒரு பேஸ்பால் அணி வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையை ஒட்டிய பூங்காவில் சின்னதாக ஒரு மைதானம். தோற்பதில் எங்கள் அணிக்கு ஒரு நிதானம் இருந்தது, அவசரப்படாமல் தோற்கும். அதனாலேயே ஜூன் மாதம் எங்களுக்கு முக்கியம். அமெரிக்கா முழுவதும் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களை ஜூனில்தான் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முதல் மரியாதை. ஓர் அணி ஒரு பையன் பெயரைச் சொல்லிவிட்டால், அவன் அந்த அணியிடம் மட்டும்தான் பேசலாம். இதற்குத்தான் டிராஃப்ட் என்று பெயர்.

பள்ளிப் பையனை எடுப்பதா, கல்லூரியில் ஆடியவனை எடுப்பதா? இதுதான் ஜூன் மாதச் சண்டை. பள்ளிப் பையன் பச்சைக் காய். வேகமாக எறிவான், பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. நாலைந்து வருஷம் சின்ன ஊர் அணிகளில் போட்டுப் பழுக்கவைக்க வேண்டும். பாதிப் பேர் வெம்பிப்போவார்கள். கல்லூரிக்காரன் சீக்கிரம் மேலே வருவான், ஆனால் இன்றைக்கு எப்படியோ அப்படியேதான் என்றைக்கும் இருப்பான். எங்கள் அணி அடம்பிடித்துப் பச்சைக் காயாகவே எடுத்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மாமாவுக்கு இந்த ஆட்டத்தைப் பிடிக்கவைத்தவளே நான்தான். எண்கள் நிறைந்த ஆட்டம் என்பதால் சுலபமாக மாட்டிக்கொண்டார். டிராஃப்டைப் பற்றிச் சொன்ன அன்று அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“அப்ப பையனுக்குப் பிடிச்சிருக்கான்னு யாருமே கேக்க மாட்டாங்களா?”

“கேக்க மாட்டாங்க மாமா.”

“நம்ம ஊர்க் கல்யாணமேதான்.”

அந்த நேரம் பார்த்து மூன்று வரன்களின் போட்டோக்கள் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தன. டொரோன்டோவில் ஒரு டாக்டர். ஒட்டாவாவில் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர். மெட்ராஸில் ஒரு பாங்க் அதிகாரி. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா போட்டோக்களை ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். அத்தை அவற்றைப் பார்க்காமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருப்பேனா?

“டாக்டரை எடுங்கப்பா. உடனே ஆட வந்துடுவார்.”

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “கேட்டியா? என் பொண்ணுக்கு இருக்கற விவரம்!”

மாமாதான் குறுக்கே வந்தார். வழக்கமாக இந்தப் பேச்சில் அவர் வாயைத் திறப்பதே இல்லை. “அத்தான், உடனே ஆட வர்றவன்னு பாக்காதீங்க. இன்னும் வளரப்போறவனா பாருங்க. இப்ப கையில ஒண்ணும் இருக்காது. பொறுத்தா நல்லா வருவான். ஊர் டீமே அப்படித்தானே எடுக்கறாங்க?”

“அதான் ஊர் டீம் இப்படித் தோக்குது,” என்றார் அப்பா. “ஏம்பா, இனிமே வளரப்போறவன்னா யாரு? ஸ்கூல் பையனுக்கா என் தங்கச்சியக் குடுக்கச் சொல்ற?”

அம்மா சிரித்தாள். நான் மேஜையில் ஏறாத குறையாக அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டேன். “பச்சைக் காய் ரிஸ்க்கு மாமா! உதாரணத்துக்கு உங்களையே எடுத்துக்குங்க. வேலை கிடையாது, தீசிஸ் முடியல, எப்ப முடியும்னும் தெரியாது. உங்களை எந்த டீமாவது முதல் ரவுண்டுல எடுக்குமா?”

மாமா தயிர்சாதத்தில் எதையோ தேடினார். அத்தை ஒருத்திதான் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எதற்கு என்று தெரியவில்லை. ஆட்டத்தில் ஜெயித்தவளைக் கிள்ளுவது என்ன நியாயம்?

அப்பாவைத் தவிர மற்றவர்களுக்கு அன்றே பாதி தெரிந்திருக்க வேண்டும். எனக்கு விளங்க வருஷங்கள் ஆயின. அக்கா வீட்டில் சாப்பிட்டு, அத்தான் வீட்டு சோபாவில் தூங்கி, படிப்பும் முடியாத ஒருவர், அந்த அத்தானிடமே போய் “உங்க தங்கையைக் கொடுங்க” என்று கேட்க முடியாது. பெண் வீட்டார்தான் வந்து கேட்க வேண்டும். பெண் வீட்டார் என்றால் அப்பா. அப்பாவோ, தினம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைத் தவிர மற்ற எல்லாரையும் மாப்பிள்ளையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தம்பிக்காகப் பேசினால், பிறந்த வீட்டுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஆகிவிடும். எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதையிலேயே அத்தை டொரோன்டோவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் தன் அக்காவுடன் பெண் பார்க்க வந்தார். வில்லன் மாதிரி இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல மனிதர். நெடுந்தூரம் கார் ஓட்டிக் களைத்திருந்தார், ஷூவைக் கழற்றும்போது ஒரு காலுறையில் ஓட்டை தெரிந்ததற்கு அவரே முதலில் சிரித்தார். கூடத்தில் அப்பா அவரிடம் அணை கட்டுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். மாமா டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய், வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்று ஆட்டம் இருந்தது. உலகத்தில் அதுதான் இயல்பான காரணம் என்று நான் நினைத்தேன்.

காபிக்குப் பால் போதவில்லை. அம்மா என்னைத் தெருமுனைக்குத் துரத்தினாள். அங்கே ஒரு தெப்பனர், பாலும் ரொட்டியும் பீரும் விற்கும் மூலைக்கடை. கடைக்காரர் ஒரு குண்டு மனிதர், என்னைப் போலவே எங்கள் அணியைத் திட்டிக்கொண்டே நேசிப்பவர். அன்று அவர் கையில் பத்திரிகை. அந்த வாரம் நடந்த டிராஃப்டில் நம்மவர்கள் மறுபடியும் ஒரு பள்ளிப் பையனைத்தான் எடுத்திருந்தார்கள்.

“போன்ஜூர், குட்டி. பாத்தியா கொடுமையை?” என்று பிரெஞ்சில் ஆரம்பித்தார். “எங்கியோ இருக்கற டெக்சஸ்ல போய் எடுக்கறாங்க. என் அக்கா பையன் இங்க வெர்டன்ல இடதுகையால எறியறான், பந்து கண்ணுக்கே தெரியாது. அவனை யாரு பாத்தாங்க?”

“அவனை ஏன் டிராஃப்டுல எடுக்கல?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கனடாப் பையன்கள் டிராஃப்டுக்குள்ளேயே வர மாட்டார்கள் என்றார். வரிசை கிடையாது, ரவுண்டு கிடையாது, யார் முறைக்கும் காத்திருக்க வேண்டியது இல்லை. யாருக்கு வேண்டுமோ அவர்கள் கதவைத் தட்டிக் கேட்டால் போதும். முதலில் கேட்கிறவர்களுக்குத்தான் பையன். ஆனால் அந்தக் கதவைத் தட்டத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இத்தனை நாள் டிராஃப்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள், இது தெரியாமல் இருந்திருக்கிறேனே! பால் பையைக் கட்டிக்கொண்டு ஓடினேன். சமையலறையில் அத்தை தனியாக நின்றிருந்தாள். மயில்கழுத்து நிறப் புடவை. தட்டில் பஜ்ஜியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள். அம்மா கூடத்துக்குப் போயிருந்தாள்.

“அத்தை, உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? நம்ம ஊர்ப் பசங்களுக்கு டிராஃப்டே கிடையாதாம்!”

“இப்பவாடீ அது?” என்றாள்.

“நெஜமா! வெளியூர்க்காரங்களுக்குத்தான் வரிசை எல்லாம். இங்கயே இருக்கறவனை நேராப் போய்க் கேட்டுடலாமாம். பக்கத்துலயே இருக்கறதாலதான் ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையாம்.”

அத்தை கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். “யாரு போய்க் கேக்கணும்? பையனா?”

“பையன் எப்படிக் கேப்பான்? கேட்டா அசிங்கமில்ல? டீம்தான் கேக்கணும்.”

“லேட்டாயிடுச்சுன்னா?”

“வேற யாராவது கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க.”

கூடத்திலிருந்து அப்பா, “காபி ஆச்சாம்மா?” என்று குரல் கொடுத்தார். அத்தை, “இதோண்ணா,” என்று பதில் சொல்லிவிட்டு, கூடத்துக்குப் போகாமல் பின்கதவைத் திறந்தாள். ஆட்டத்தின் கணக்கு தெரிந்துகொள்ளப் போகிறாள் போலிருக்கிறது என்று நானும் பின்னாலேயே போனேன். எனக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

மாமா படிக்கட்டில் ரேடியோவைக் காதோடு வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசி இன்னிங்ஸ், எங்கள் அணி ஒரு ரன் பின்னால். மூன்று தளங்களிலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், இன்னும் ஒருவன் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. வர்ணனைக்காரரின் குரல் உடைந்துகொண்டிருந்தது. நான் மேல் படியிலேயே உறைந்து நின்றேன்.

அத்தை இரண்டு படி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன். ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.”

“கேளுங்க,” என்றார் மாமா, நிமிராமல்.

“என்னைக் கட்டிக்கறீங்களா?”

மாமா ரேடியோவை அணைத்தார்.

“மாமா!” என்று அலறினேன். “பேஸஸ் லோடட் மாமா!” இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. கீழ்வீட்டுக்காரரின் கொடியில் ஒரு வெள்ளைப் போர்வை ஆடிக்கொண்டிருந்தது. மாமா எழுந்து நின்று, எதற்காகவோ சட்டையின் கசங்கலை நீவிவிட்டார். “எனக்கு இன்னும் தீசிஸ்...” என்று ஆரம்பித்தார்.

“அதைக் கேக்கல.”

“ஆமா,” என்றார் மாமா.

அத்தை உள்ளே வந்து காபியைக் கலந்து, தட்டை எடுத்துக்கொண்டு தானே கூடத்துக்குப் போனாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு டாக்டரின் எதிரே உட்கார்ந்து, “நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இங்க ஒருத்தரை நான் ரொம்ப முன்னாடியே கேட்டிருக்கணும். இப்பதான் கேட்டேன். சரின்னுட்டார்,” என்றாள். அப்பாவின் வாய் அணையைப் பற்றிய வாக்கியத்தின் நடுவில் திறந்தபடியே நின்றது. டாக்டரின் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டாக்டர் எழவில்லை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “உக்காருக்கா, குடிச்சிட்டுப் போலாம். காபி நல்லாருக்கு,” என்றார். பிறகு, யாராவது எதையாவது பேசியாக வேண்டுமே என்று என்னிடம் திரும்பி, “ரேடியோ சத்தம் கேட்டுதே, யார் ஜெயிச்சாங்க?” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெரியாது என்று ஒரு விருந்தாளியிடம் சொல்லவேண்டியிருந்ததே!

அப்பா அந்த வாரம் முழுவதும் முறுக்கிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் மாமாவைக் கூப்பிட்டு, தீசிஸில் என்னதான் மிச்சம் என்று முதல் முறையாக உட்கார்ந்து கேட்டார். கல்யாணம் என்பது எனக்குப் புரிந்தது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை, நான் கூப்பிடும் முறைகள்கூட மாறவில்லை. மாமாவும் அத்தையும் மாமாவும் அத்தையுமாகவே இருந்தார்கள். ரேடியோவை எதற்கு அணைத்தார் என்பதுதான் எட்டவில்லை. கேட்டுக்கொண்டே ‘ஆமா’ சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தைதானே? யோசித்து யோசித்து, பாட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். மறுநாளே தெப்பனருக்கு ஓடிப் புது பாட்டரி வாங்கிவந்து போட்டேன்.

பிரயோஜனமில்லை. அந்தக் கோடை முழுக்க, அத்தை பின்படிக்கு வந்து நிற்கும்போதெல்லாம் ரேடியோ சட்டென்று நின்றுபோனது. கடைசியில் நான் கடைக்காரரிடமே போய், நீங்கள் விற்கும் பாட்டரி சரியில்லை என்று சண்டை போட்டேன்.