யாரென்று சொல்லாத மூன்றாம் பாகம்

“படம் எப்படி இருக்கு சார்? போகலாமா?” – இந்த வாரம் எனக்கு வந்த வாட்ஸ்அப் மெசேஜ்களில் பாதி இதுதான். இந்த இன்ஸ்பெக்டர் படத்தின் முதல் இரண்டு பாகங்களை இதே பக்கத்தில் தூக்கிவைத்துக் கொண்டாடியவன் ஆயிற்றே நான்!

போன சனிக்கிழமை பார்த்துவிட்டேன். கிள்ளானில், மதியக் காட்சி. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நான் அவ்வளவு தூரம் போனது விமலா அக்காவுக்காக. என் பெரியம்மா மகள். போர்ட் கிள்ளானில் தனியாக இருக்கிறார்.

அக்காவுக்கு முன்பெல்லாம் கிரைம் படமே ஆகாது. திரையில் ரத்தத்தைப் பார்த்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். சில வருடங்களுக்கு முன், அவர் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, ஒரு லோரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மாமா அங்கேயே இறந்துபோனார். எந்த லோரி? ஓட்டியது யார்? இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் அக்கா இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார். முதல் பாகத்தை டிவியில் எப்போது போட்டாலும் பார்த்தார். இரண்டாம் பாகம் வந்தபோது அவரே போன் போட்டு, “தம்பி, டிக்கெட் எடு லா” என்றார். துக்கத்துக்கு நடுவே ஒரு பொழுதுபோக்கு... நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, மூன்றாம் பாகத்தில் என்ன இருந்தது? நம் இன்ஸ்பெக்டர் ஸ்லோமோஷனில் நடந்தார். மழையில் நடந்தார். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியும் நடந்தார். துப்புத் துலக்கத்தான் நேரமில்லை. முதல் பாகத்தில் ஒற்றைச் செருப்புத் தடத்தை வைத்து ஆளைப் பிடித்த மனிதரா இவர்?

கடைசிக் காட்சியில் கொலைகாரன் படகில் ஏறினான். திரும்பினான். முகமூடியில் கை வைத்தான்... திரை இருண்டது. ‘தொடரும்.’

தியேட்டரில் ஒரே விசில். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“யாருன்னு சொல்லவே இல்லையே தம்பி?”

“அடுத்த பார்ட்ல சொல்வாங்கக்கா.”

“அது எப்ப வரும்?”

“ரெண்டு வருஷமாவது ஆகும்.”

பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, துப்புரவு செய்யும் பெண் காலி டப்பாக்களைப் பொறுக்க வந்த பிறகுதான் எழுந்தார்.

காரில் நான் பொரிந்து தள்ளினேன். திரைக்கதை சொதப்பல், பாட்டு இம்சை, டிக்கெட் காசு தண்டம் – இந்தப் பத்திக்கான ஒத்திகை! சிக்னலில் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லோரி வந்து நின்றது. அக்கா கண்ணாடி வழியே அதன் பம்பரைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். லோரி கிளம்பும்வரை பார்வையை எடுக்கவில்லை.

“படம் பாக்கவா தம்பி நான் வரேன்?” என்றார் மெதுவாக. “கடைசியில அந்த ஆளப் புடிச்சு உக்கார வெப்பாங்கல்ல... ‘ஏன்டா இப்படிப் பண்ணே’ன்னு கேப்பாங்கல்ல... அதுக்குத்தான் வரேன்.”

என் விமர்சனம் அத்தோடு நின்றது.

“ஸ்டேசன்ல ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?”

“போன மாசம்கூட போனேன். ‘கிடைச்சா கூப்பிடுறோம் ஆன்டி’ன்னாங்க. பாவம், அவங்களும் என்ன பண்ணுவாங்க?”

முடிவைச் சொல்லாமல் விடுவதற்கு இப்போது ‘சஸ்பென்ஸ்’ என்று பெயர். உங்களுக்கும் எனக்கும் அது பார்க்கிங் வரைக்கும் வருகிற எரிச்சல், அவ்வளவுதான். இருட்டில் பக்கத்து இருக்கையில் யார், எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எந்த டைரக்டருக்குத் தெரியும்? கூடவே உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லையே!

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, “நாலாவது பார்ட் வந்தா சொல்றேன்க்கா” என்றேன்.

“வேணாம் தம்பி” என்றார், கேட்டைத் திறந்துகொண்டே. “காத்திருக்கிறதுக்கு எனக்கு ஏற்கெனவே ஒன்னு இருக்கு.”