பதினேழாம் லிஃப்டும் ஸ்கேல் அக்காவும்

இடது கை ஸ்டீல் ஸ்கேலைக் கணினித் திரையில் ஒட்டிப் பிடித்திருக்கிறது. வலது கை தாளில் பென்சில் கோடு இழுக்கிறது. நான்கு கோடு நெட்டாக, ஐந்தாவது குறுக்காக. ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்குகிறது.

லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தில் புகார்ப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் இவரை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். எக்செல்லை யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, என்ன நடந்தது என்று பழைய டைரியில் எழுதிவைத்துக் கற்றுக்கொண்டது. ஃபார்முலா சொல்லும் எண்ணிக்கையும் பென்சில் சொல்லும் எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் எந்தத் தாளும் அவர் மேசையை விட்டு நகராது. அதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். அதையும் குடித்துவிடுவார்.

இன்றைய எண்ணலுக்குக் காரணம் மேலாளர். முப்பத்தாறு லிஃப்டில் ஒன்றுக்குத்தான் இந்த ஆண்டு புது மோட்டார். எதற்கு என்பது பதினொரு மணிக் கூட்டத்தில் முடிவாகும். அதற்காகக் காலையிலேயே அவர் பட்டியலைச் சுத்தம் செய்திருந்தார். லிஃப்ட் எண் கட்டத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதென்று, மறுபடி வந்த வரிகளையெல்லாம் ஒரே அமுக்கில் நீக்கிவிட்டார்.

"நானூத்திப் பன்னெண்டு வரி. இப்ப முப்பத்தாறு. எப்படிக்கா?" என்று மேலாளர் பெருமையாகக் கேட்டார்.

"எல்லா லிஃப்டும் ஒரே ஒரு தடவதான் நின்னுச்சுன்னு ஆயிடுச்சு சார்."

"அப்ப இருக்கறதுலயே பழைய லிஃப்டுக்குக் குடுத்துடலாம். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அக்கா வாதாடவில்லை. தினமும் வந்ததும் தனியாக எடுத்துவைக்கும் பட்டியல் நகலைத் திறந்தார், ஸ்கேலை எடுத்தார்.

கிரீஸ் படிந்த கையோடு மெக்கானிக் வந்து நின்றார். "பதினேழுக்கு நேத்தும் போனேன்க்கா. ஒரு அம்மாவும் கைக்கொழந்தையும் முக்கா மணி நேரம் உள்ளயே. கதவத் தொறந்தா என்னத் திட்டக்கூட இல்ல, அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. மோட்டார் மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு."

"வாயால சொன்னா காத்தோட போயிடும். இருங்க, எண்ணித் தர்றேன்."

பதினேழுக்கு ஃபார்முலா இருபத்து நான்கு என்றது. பென்சிலும் இருபத்து நான்கு. மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் போனது இருபத்து மூன்று தடவை.

"விடுங்கக்கா. ஒண்ணு கூட இருந்தா நமக்குத்தானே நல்லது?"

"ஒண்ணு பொய்யின்னா மிச்சத்த யாரு நம்புவா?"

மணி பத்தே முக்கால். ஸ்கேல் மறுபடி உச்சிக்குப் போனது. ஒன்பதாம் தேதியில் நின்றது. காலை எட்டு பத்துக்கு இரண்டு வரி. உள்ளே மாட்டிய இரண்டு பேர் ஆளுக்கொரு போன் போட்டிருக்கிறார்கள். தொலைபேசி மேசையில் இரண்டையும் பதிந்துவிட்டார்கள்.

"இதுதான் நெசமாவே ரெண்டு தடவ எழுதுனது" என்று அதில் ஒரு வரியை அழித்தார். "மத்ததெல்லாம் இருபத்திமூணு தடவ நின்னது."

எண்ணிக்கையில் பதினேழுக்கு அடுத்து வந்த லிஃப்டுக்குப் பதினான்கு. பிரிண்டர் தாளைத் துப்பியபோது மேலாளர் கோப்போடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அதான் முப்பத்தாறு வரி ரெடியா இருக்கேக்கா."

"உங்க முப்பத்தாறு வரிதான் சார். பக்கத்துல எத்தன தடவன்னு ஒரு கட்டம் சேத்திருக்கேன், அவ்வளவுதான்."

மேலாளர் தாளை இழுக்க, அது வரவில்லை. மறுமுனை அக்காவின் விரல்களில் இருந்தது. பதினேழாம் வரிக்கு அடியில் ஸ்கேல். அந்த வரியை மேலாளர் வாய்விட்டுப் படித்து முடித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.