நிரம்பக் கூடாத வாளி

அந்தப் பள்ளிக்கூடத்தில் போய் "கணக்கு டீச்சர் எங்கே?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். "வாளி டீச்சர்" என்று கேளுங்கள், வாட்ச்மேன் முதல் வாசலில் பென்சில் விற்கிறவர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். எந்நேரமும் அவர் கையில் ஒரு சிவப்பு வாளி இருக்கும், பதினைந்து லிட்டர் பிடிப்பது. மற்றவர்கள் வகுப்புக்குப் புத்தகத்தோடு போவார்கள். இவர் வாளி, குவளை, கயிறு, அளக்கிற டேப், சில நாள் தராசும் தூக்கிக்கொண்டு போவார். பாடம் நடத்தப் போகிறாரா, வீடு மாறிப் போகிறாரா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வாளி நடத்திய பாடத்தை ஒரு புத்தகமும் நடத்தியதில்லை. வீதம் என்றால் என்ன என்று அவர் கரும்பலகையில் எழுதியதே கிடையாது. குழாயடிக்கு ஏழாம் வகுப்பைக் கூட்டிப்போய், வாளியை வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை குவளை விழுகிறது என்று எண்ணச் சொல்வார். பிறகு குழாயைப் பாதி மூடிவிட்டு, "இப்ப வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? கையை வாளியில விட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பார். பிள்ளைகள் முழங்கை வரை நனைத்துக்கொண்டு கணக்குப் போடும். போட்ட கணக்கு சரியா என்று குழாயே சொல்லிவிடும்.

வீட்டிலும் இதே பாடுதான். கணவர் பஸ் ஓட்டுநர். மனிதர் களைத்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் போதும்.

"ஏங்க, இன்னிக்குச் சராசரி வேகம் என்ன?"

"அம்மா தாயே! ஓடின நேரத்தைவிட சிக்னல்ல நின்ன நேரம்தான் அதிகம். அதுக்கெல்லாமா கணக்கு இருக்கு?"

"ஏன் இல்ல?" என்று இவர் ஆரம்பித்தால், முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போகும். ஆனாலும் மறுநாள் கேட்காவிட்டால் அவரே, "என்ன, இன்னிக்கு வேகம் கேக்கலையா?" என்பார்.

வம்பு எங்கே வந்தது என்றால், நனைந்த சட்டைகளில் வந்தது. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறோமா, ஆத்துக்கு அனுப்பறோமா?" என்று பெற்றோர்கள் வரிசையாக வந்து கேட்க, பெரிய டீச்சருக்குக் காது புளித்துப்போனது. பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. நல்ல மனுஷிதான், ஆனால் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. வாளி டீச்சரைக் கூப்பிட்டு ஒரே போடாகப் போட்டார்.

"இன்னொரு தடவை எனக்குத் தலைவலி வந்துதுன்னா ஏழாம் வகுப்புக் கணக்கு ஃபார்முலா சாருக்குப் போயிடும். நீங்க லைப்ரரியைப் பார்த்துக்கோங்க. அங்க தண்ணி வேண்டியதில்ல."

ஃபார்முலா சார் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். கரும்பலகையின் இடது ஓரத்தில் சூத்திரத்தை எழுதுவார், வலது ஓரத்தில் விடையை எழுதுவார், நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும். அவரிடம் தன் பிள்ளைகள் போவதை வாளி டீச்சரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. லைப்ரரி நல்ல இடம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பிடிபடும்போது முகத்தில் வருகிற அந்த வெளிச்சத்துக்காகத்தானே அவர் காலையில் எழுந்து ஓடி வருகிறார். அதைப் பறித்துவிட்டுச் சம்பளம் மட்டும் கொடுத்தால் என்ன செய்வது?

இருந்தாலும் கை சும்மா இருக்குமா? தண்ணீர்தானே கூடாது, பெயிண்ட் அடிக்கலாமே என்று தோன்றிவிட்டது. ஏழாம் வகுப்புக்கு வெளியே வராந்தா சுவர் அழுக்கேறிக் கிடந்தது. டீச்சரின் தம்பி பெயிண்ட் கடை வைத்திருந்தான். "அக்கா, உங்க பள்ளிக்கூடத்துக்கு நான் செஞ்சதா இருக்கட்டும்" என்று வெள்ளை ஒரு பெரிய டின்னும் நீலம் ஒரு சின்ன டின்னும் கொடுத்தான். வெள்ளை இருபது லிட்டர், நீலம் பத்து. பெரிய டீச்சரும் சுவரைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், "சரி, தரையில ஒரு சொட்டு சிந்தக் கூடாது" என்றார்.

முதலில் எல்லாம் ஜோராகத்தான் போனது. பிள்ளைகளின் கை எட்டுகிற உயரம் வரை சுவரை அளந்தார்கள், நாற்பது சதுர மீட்டர் வந்தது. அரை லிட்டர் வெள்ளையைப் பின்பக்கச் சுவரில் அடித்துப் பார்த்தார்கள், நாலு சதுர மீட்டருக்கு வந்தது. அப்படியானால் லிட்டருக்கு எட்டு. இரண்டு கோட்டிங்குக்கு மொத்தம் பத்து லிட்டர். வகுப்பில் ரேடியோ என்று ஒருவன் இருந்தான், வாயை அணைக்கவே முடியாது. "டீச்சர், நான் பேசிட்டே அடிச்சா ரெண்டு நாள் ஆகும், பேசாம அடிச்சா ஒரு நாள்தான்" என்று அவனே ஒரு வீதக் கணக்குப் போட்டுக் கொடுத்தான்.

கலக்கத் தொடங்குகிற நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து ஆள் வந்தது, பெரிய டீச்சர் கூப்பிடுகிறார் என்று. வாளி டீச்சருக்கு அவசரம். எதையும் கையில் கொடுத்துக் காட்டாமல் சொல்லாதவர், அன்றைக்குப் பார்த்து வாயால் மட்டும் சொல்லிவிட்டு ஓடினார். "வெள்ளை ஆறு லிட்டர். அதுல மூணுல ரெண்டு பங்கு நீலம். கலக்கி வைங்க, வந்துடறேன்!"

சாக்பீஸ் புதுவரவின் கையில் இருந்தது. அந்த மாதம்தான் இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்து சேர்ந்த பெண் அவள். கெட்டிக்காரி, வாய்தான் திறக்க மாட்டாள். அவள் இதுவரை படித்ததெல்லாம் 'டூ பை த்ரீ'. முதலில் காதில் விழுவதை மேலே எழுதுவாள், அடுத்ததைக் கீழே எழுதுவாள். அதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. இப்போது முதலில் விழுந்தது மூன்று. மேலே எழுதினாள். அடுத்து விழுந்தது இரண்டு. கீழே எழுதினாள். ஆறை மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்து, "ஒம்பது லிட்டர் நீலம்" என்றாள். அவள் கணக்கில் தப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? குவளை குவளையாக ஊற்றினார்கள்.

ஆறும் ஒன்பதும் பதினைந்து. வாளி தளும்பத் தளும்ப நின்றது. ரேடியோ குச்சியை விட்டு ஒரு கலக்குக் கலக்கினான். அவ்வளவுதான், விளிம்பு வழிந்து வராந்தாவில் ஒரு கை அகலத்துக்கு நீலம் பரவியது. அதே நேரம் பெரிய டீச்சர், வாளி டீச்சரோடு பேசிக்கொண்டே திரும்பி வந்தார். பார்க்காமல் நேராக அதில் காலை வைத்தார்.

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பெரிய டீச்சர் தன் செருப்பைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"டீச்சர், மணி அடிக்கிற வரைக்கும்தான் இது உங்க வகுப்பு. திங்கக்கிழமையிலிருந்து நீங்க லைப்ரரி."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். வராந்தா நெடுகத் தப் தப்பென்று நீலக் காலடி விழுந்துகொண்டே போனது. வேறொரு நாளாக இருந்தால் ரேடியோ விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அன்றைக்கு அவன்கூட வாயைப் பொத்திக்கொண்டான்.

வாளி டீச்சருக்கு அழுதுவிடலாமா என்றிருந்தது. ஆனால் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது, அதுவரை வகுப்பு அவருடையது. கீழே உட்கார்ந்து வாளியைப் பார்த்தார்.

"பத்து லிட்டர்தான வரணும்? வாளி ஏன் நிறைஞ்சுது?"

புதுவரவு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல வந்து, வாளியின் வெளிப்பக்கத்தில் டேப்பை வைத்து அளந்தாள். உயரத்தை மூன்றாகப் பிரித்துச் சாக்பீஸால் இரண்டு கோடு கிழித்தாள். கீழிருந்து விரலால் எண்ணினாள்: ஒன்று, இரண்டு. இரண்டாவது கோட்டில் விரல் நின்றது.

"பதினஞ்சு லிட்டர் வாளியில பத்துன்னா இதுவரைக்கும்தான் டீச்சர் வரணும். மூணு பங்கு போட்டு, அதுல ரெண்டு. அப்போ… மூணுல ரெண்டுன்னா மூணு கீழயா?" அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்க மூணை முதல்ல சொன்னீங்க. அதான் மேல போட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "நீ தப்பாக் கேக்கலடா கண்ணு. காதுல விழுந்தபடியே எழுதியிருக்க. நம்ம பேச்சுல எத்தனை துண்டுன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம்தான் எத்தனை எடுக்கணும்னு சொல்லுவோம். இதைக் கையில காட்டாம வாயால சொல்லிட்டு ஓடினேன் பாரு, அது என் தப்பு. சரி, இப்ப இதை எப்படி நேராக்கறது?"

இப்போது அந்தப் பெண்ணின் வாய் திறந்தது. இரண்டு குவளை நீலத்துக்கு மூன்று குவளை வெள்ளை. ஒன்பது லிட்டர் நீலத்துக்குப் பதிமூன்றரை லிட்டர் வெள்ளை. ஆறு ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் ஏழரை வேண்டும். டின்னில் பதிமூன்றரை மிச்சம் இருக்கிறதே! "பெரிய டீச்சர் செருப்புல போன நீலத்தைக் கழிக்கணுமா?" என்று ரேடியோ கேட்டான். அதை விட்டுவிடலாம் என்று டீச்சர் சொன்னார். தோட்டத்து டிரம்மைக் கழுவி உருட்டி வந்து எல்லாவற்றையும் கலக்கினார்கள். இருபத்திரண்டரை லிட்டர், வானத்தைப் போல ஒரு நீலம்.

"சுவருக்குப் பத்து போதும். மீதி பன்னிரண்டரையை என்ன பண்றது?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கேவலமான சுவர் பெரிய டீச்சர் அறைச் சுவர்தான். ஒழுகி, ஊறி, படம் படமாகக் கறை. ரேடியோவும் புதுவரவும் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியாது, புதுவரவு மூணையும் ரெண்டையும் பற்றி ஏதோ சொன்னது மட்டும் வெளியே கேட்டது. கதவு, ஜன்னலைக் கழித்து ஐம்பது சதுர மீட்டர் என்று மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "சரியா ரெண்டு கோட்டிங்குக்கு வரும் டீச்சர்!"

சனிக்கிழமை இரண்டு இடத்திலும் அடித்து முடித்தார்கள். பெரிய டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். டிரம்மில் கடைசியாக ஒரு குவளை அளவுதான் மிஞ்சியிருந்தது.

திங்கட்கிழமை காலை வாளி டீச்சர் வாளியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். கை என்னவோ போல் இருந்தது. லைப்ரரிச் சாவி வாங்கப் போனால் ஃபார்முலா சார் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஏழாம் வகுப்பா? என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே!"

வராந்தாவில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். ஏழாம் வகுப்பு மொத்தமும் தரையில் மண்டியிட்டு, காய்ந்துபோன நீலக் காலடிகளுக்கு இடையே டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தது. புதுவரவு சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "ரெண்டு காலடிக்கு நடுவுல இவ்வளவு இடைவெளின்னா ரொம்ப வேகமாப் போயிருக்கணும். கோவமா இருந்திருக்காங்க!"

வாளி டீச்சர் திரும்பினால், பின்னால் பெரிய டீச்சர் நின்றிருந்தார்.

"இத்தனை வருஷமா கணக்குப் பேப்பர் திருத்தி, 'மூணுல ரெண்டு'க்கு மேல மூணு போட்ட பிள்ளைங்களுக்கு நான் சிவப்பு மையில தப்பு போட்டிருக்கேன் டீச்சர்" என்றார் பெரிய டீச்சர். "ஏன் அப்படி எழுதினீங்கன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல. உங்க வாளி கேட்டுடுச்சு."

பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் நீலக் காலடிகளுக்குப் பக்கத்தில் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். "கோவத்தை மட்டும் அளந்தா எப்படி? இது என் சாதா நடை. சாக்பீஸை வச்சுக் குறிச்சுக்கோங்க."

பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு சாக்பீஸோடு அவர் பின்னால் ஓடின. வராந்தா முனையில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"வாளி எங்க டீச்சர்?"

"வீட்ல வச்சுட்டு வந்துட்டேன்."

"நாளைக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார் பெரிய டீச்சர். "இல்ல, இன்னும் கொஞ்சம் பெரிசாவே ஒண்ணு வாங்கிக்கோங்க."