மேட்டில் நான்கு வீடுகள்

தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கம்பளை ரயில் ஸ்டேஷனில் இறக்குவதுதான் ஹலீமின் பிழைப்பு. லொறிகள் வந்ததும் மாட்டுவண்டிகளைக் கூப்பிட ஆளில்லை. 1927இல் அவர் வண்டிகளை விற்று, மகாவலி ஆற்று வெள்ளம் எட்டாத ஒரு மேட்டில் வரிசையாக நான்கு வீடுகள் கட்டினார். ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, பெரிய ஜன்னல்கள். வாடகைக்கு ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள் என்று நம்பினார்.

எட்டு மாதமாகியும் ஒருவரும் வரவில்லை. வெள்ளிதோறும் ஜும்மா முடிந்து மேட்டுக்குப் போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பார், பொழுது சாயச் சாத்திவிட்டு வருவார். அவர் வீடு திரும்பும்போது அவருடைய வாடிய முகத்தைப் பார்க்க மனைவி கைரியாவுக்குச் சகிக்கவில்லை.

"வீட்டுல என்ன கொறை எண்டு யாருட்டயாவது கேட்டீங்களா?" என்றாள் ஒருநாள்.

"கொறையா? வந்து பாத்த எல்லாரும் நல்ல வீடு எண்டுதானே சொல்றாங்க."

"ஆம்புளைகள் பாத்திருப்பாங்க. நான் போய்க் கேக்குறேன்."

கைரியாவுக்குப் பேச்சென்றால் கொள்ளைப் பிரியம். மீன் வாங்கப் போனாலும் மீன்காரனின் மகள் கல்யாணம் வரை விசாரித்துக்கொண்டுதான் திரும்புவாள். அன்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். ஒரு புடைவைக்கடையின் பின்னறையில், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மேட்டு வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்த ஸ்டேஷன் கிளார்க் சோதிலிங்கத்தின் மனைவி லீலாதேவி குடியிருந்தாள். அறை முழுக்கப் புகை. கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"வீடு நல்ல வீடுதான் அக்கா," என்றாள் லீலாதேவி. "ஆனால் தண்ணிக்கு ஆத்துக்கு இறங்கவேணும். இவர் இரவு வேலைக்குப் போனால், அந்த மேட்டில பிள்ளையோட நான் தனிய எப்பிடி இருக்கிறது? கூப்பிட்டால் ஓம் எண்டு சொல்ல ஒரு சனமும் இல்லையே."

கைரியா வீட்டுக்கு வந்ததும் இரண்டு காரியம் சொன்னாள். மேட்டில் கிணறு வெட்ட வேண்டும். பள்ளிவாசல் தெரு வீட்டை விட்டு அவர்களே முதல் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். முதலாவதற்கு ஹலீம் தலையாட்டினார். இரண்டாவதை மூன்று நாள் தட்டிக்கழித்தார். நாலாம் நாள் தாமாகவே அலுமாரியை இறக்க ஆள் கூட்டிவந்தார்.

கிணற்றில் தண்ணீர் கண்ட வாரமே லீலாதேவி பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கைரியா வேலியோரம் நின்று பேசுவதைக் கண்டு, மேட்டில் இனித் துணை உண்டு என்று ஆட்கள் வர, மற்ற இரு வீடுகளும் நிறைந்தன.

நாலு வருஷம் நன்றாகத்தான் போனது. தேயிலை விலை சரிந்ததும் ஊரே ஆட்டம் கண்டது. மூன்றாம் வீட்டில் இருந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். நான்காம் வீட்டுக்காரர் தம்பி வீட்டோடு ஒதுங்கினார். சோதிலிங்கத்துக்கு அநுராதபுரத்துக்கு மாற்றல் வந்தது. ரயிலேறும்போது லீலாதேவி கைரியாவின் கையை விடவில்லை. மூன்று வீடுகள் மீண்டும் பூட்டிக் கிடந்தன.

அந்த நாட்களில்தான் வடிவம்மா வந்தாள். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது பெயர் வெட்டுப்பட்டு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து அறையிலிருந்தும் வெளியேற்றப்பட்டவள். இரண்டு மகள்களோடு கோயில் மடத்தில் படுத்து, பகலில் அரிசிக்கடையில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

அரிசி வாங்கப் போய் அவள் கதையைக் கேட்ட கைரியா, அவளை மேட்டுக்கு அழைத்துவந்து ஒரு வீட்டைத் திறந்து காட்டினாள். வடிவம்மா உள்ளே கால் வைக்கவே கூசினாள்.

"இத்தாம்பெரிய வீட்ட வச்சுக்கிட்டு நான் என்னங்கம்மா செய்யிறது? படுக்க ஒரு காம்பராவும் அடுப்பு மூட்ட ஒரு மூலையும் போதுங்க. ஆனா கதவு எங்க கதவா இருக்கணும். வேலை போச்சுன்னா வீடும் போயிரும்னு பயந்துக்கிட்டே இருந்தாச்சு. அது போதும்."

கைரியா அன்று மாலை அந்த வீட்டைக் காலடியால் அளந்து பார்த்தாள். அடுத்த நாள் ஹலீமை அங்கே அழைத்துப்போய், நடுக்கூடத்தில் குறுக்கே நடந்து காட்டினாள்.

"இதால ஒரு சுவர். அந்தப் பக்கம் ஒரு கதவு."

"பார்த்துப் பார்த்துக் கட்டின வீட்டை ரெண்டாப் பொளக்கச் சொல்றியா?"

"நீங்க கட்டினது துரைமாருட கிளார்க்குமாருக்கு. அவங்க போயிட்டாங்க. வீடு இல்லாதவங்க இன்னும் இங்கதான் ஈக்கிறாங்க."

ஹலீம் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசனைத் தேடிப் போனார். வடிவம்மாவுக்குப் பின்னால் லயம் இழந்த இன்னும் ஐந்து குடும்பங்கள் வந்தன. பட்டணத்தில் மூட்டை தூக்கினார்கள், வீதி வேலைக்குப் போனார்கள். ஒரே வருஷத்தில் மூன்று வீடுகளும் ஆறாகி, எல்லாவற்றிலும் அடுப்பெரிந்தது.

1936இல் கண்டி பஸ் மேட்டின் அடியில் நிற்கத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. அதில் படிப்பிக்க வந்த றீற்றா என்ற இளம் ஆசிரியை, ஒரு மழை நாளில் டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றாள். எங்குமே இடமில்லை என்றாள்.

கைரியா தன் முன்னறையைத் திறந்துவிட்டாள்.

"அது நம்மட அறைதானே?" என்று ஹலீம் மெல்லக் கேட்டார்.

"பின்னறையில ரெண்டு பேர் படுக்க இடம் ஈக்கிது," என்றாள் அவள். "பெட்டி நனையுது, அதை முதல்ல உள்ள எடுங்க."

ஹலீம் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை வடிவம்மாவின் மூத்த மகள் ஓடிவந்து தூக்கினாள்.